அலைக்கற்றை அண்ணாச்சி

ஞாயிற்றுக்கிழமை காலை பொன்மணி மொட்டை மாடியில் துணி காயப் போடுகிறாள். முதலில் கம்பெனிச் சேலை. பட்டாசு ஆலையின் வெள்ளிப்பொடி எத்தனை தரம் அலசினாலும் போகாது என்பதால் அதற்குத் தனிக் கொடி. அப்புறம் மகள் செல்வலட்சுமியின் சுடிதார். அப்புறம் கணவர் ராக்கப்பனின் காக்கிச் சட்டை. எல்லாம் முடிந்த பிறகு, இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் துணிப்பையை எடுத்து, உள்ளே ராக்கப்பனின் போன் இருக்கிறதா என்று ஒரு முறை தடவிப் பார்த்து, கொடியின் கிழக்குக் கோடியில் தொங்கவிட்டு, இரண்டு கிளிப் மாட்டுகிறாள். ஒரு கிளிப் போதாது. போன மாதம் ஒரே கிளிப்பில் தொங்கிய அவளுடைய சொந்தப் போன் காற்றுக்கு நழுவிக் கீழேயிருந்த வாளியில் விழுந்து, அரிசிப் பானைக்குள் மூன்று நாள் புதைந்து கிடந்தும் உயிர் வராமல் போய்ச் சேர்ந்தது.

அந்த வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அந்தக் கிழக்குக் கோடிதான். துணி காய்வதற்கு வெயில் வேண்டும் என்பதுபோல, செய்தி வருவதற்குப் போனும் காய வேண்டும்.

கீழே முன்னறையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, ராக்கப்பன் நாட்டின் அலைக்கற்றைக் கொள்கையைச் சீர்திருத்திக்கொண்டிருக்கிறார்.

வாசகரே, இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். இதற்கு அலைக்கற்றை அண்ணாச்சி என்று பெயர் வைக்கலாம். தெருவுக்கு ஒருவர் கட்டாயம் உண்டு. பெரிய தெருவாக இருந்தால் இரண்டு பேர், அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்காது. நாட்டில் நடக்கிற எதுவும் அவருக்குச் சம்பவம் அல்ல, கொள்கை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் உங்களுக்கும் எனக்கும் தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான். அவருக்கு அது கொள்கை அளவில் நடந்த தவறு. செய்தித்தாளின் ஒன்பதாம் பக்கத்தில், ஏல அறிவிப்புக்கும் கண் மருத்துவமனை விளம்பரத்துக்கும் நடுவே யாரும் பார்க்காமல் கிடக்கும் நான்கு வரிச் செய்தி, அவருக்குத் தலைப்புச் செய்தி. அதைக் கத்தரித்து எடுப்பார். கோப்பில் வைப்பார். அந்தத் துண்டின் பின்பக்கம் பொன்மணி வாசித்துக்கொண்டிருந்த தொடர்கதையின் கடைசிப் பத்தி இருந்தால் அதுவும் கோப்புக்குள் போகும். ஒரு கதையிலாவது கல்யாணம் நடந்ததா இல்லையா என்று தெரியாமலே அவள் பதினைந்து வருடமாக வாசிக்கிறாள்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். வாயைத் திறந்தால் முதலில் விழுவது, "நான் என்ன சொல்ல வாரேன்னா." அடுத்தது, "அடிப்படையிலயே தப்பு பண்ணிட்டாக." யார் பண்ணினார்கள்? அதைக் கேட்கக் கூடாது. கேட்டால் உங்கள் மத்தியானம் போயிற்று. அரசாங்கம் ஏதாவது விஷயத்தில் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்தால், நூற்று நாற்பது கோடிப் பேரில் உண்மையிலேயே கருத்துச் சொல்லுகிறவர் இவர்தான். செயற்கைக்கோள் வழியாக வருகிற இணையத்துக்கு அலைக்கற்றையை ஏலம் விட வேண்டுமா, நிர்வாக ரீதியாக ஒதுக்க வேண்டுமா என்று தலைநகரில் பேச்சு அடிபட்டபோது, ராக்கப்பன் ஏழு பக்கம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். அதில் தன்னைப் 'பங்குதாரர்' என்று குறிப்பிட்டிருந்தார். அலைக்கற்றையில் அவருக்குப் பங்கு உண்டு. அன்று இரவு கழுவாமல் கிடந்த பாத்திரத்தில் இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதருக்கு விஷயம் தெரியும். வெறும் வாயை மெல்லுகிறவராக இருந்தால் இவ்வளவு ஆபத்து இல்லை. அதுவும் ஊர்ப் பாஷையில் சொல்லத் தெரியும்.

"இருபத்தாறு கிகாஹெர்ட்ஸுன்னா கம்பி மத்தாப்பு மாதிரி. பக்கத்துல வச்சா அம்புட்டுப் பிரகாசம். பத்தடி தள்ளிப் போனா இருட்டு. எழுநூறு மெகாஹெர்ட்ஸுன்னா அது அணுகுண்டு. இங்கன கொளுத்துனா ஆனைக்குட்டம் அணைக்கு அந்தப் பக்கம் கேக்கும், சுவரு கிவரு எல்லாம் தாண்டிப் போவும். இவுக என்ன செய்யணும்? கிராமத்துக்கு அணுகுண்டக் குடுத்துட்டு டவுனுக்கு மத்தாப்பக் குடுக்கணும். செஞ்சாகளா?"

செய்தார்களோ இல்லையோ, கேட்கிறவருக்கு விளங்கிவிடும். அதனாலேயே ஊரில் அவருக்கு மரியாதை. அந்த மரியாதையால்தான் ஊரில் சிக்னல் இல்லை.

அந்தக் கதை இப்படி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு போன் கம்பெனிக்காரர்கள் ஊரின் மேற்கே கோபுரம் நட இடம் பார்த்தார்கள். இடம் அசன் முகம்மதுவுடையது. அவர் சிவகாசி அச்சகங்களில் விழும் காகித வெட்டுத் துண்டுகளை மொத்தமாக வாங்கி விற்கிறவர். ஊரோரத்தில் அவருக்கு ஒரு குடோனும் கொஞ்சம் காலி மனையும் உண்டு. ஒப்பந்தம் பேசி, குழிகூடத் தோண்டியாகிவிட்டது. ராக்கப்பன் குழியை எட்டிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தார்.

அவருடைய வாதத்தை இந்தச் சீமைக்கு வெளியே யாரும் யோசித்திருக்க முடியாது. பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டு போகக் கூடாது, அது விதி. ஏன் கூடாது? உள்ளே வெடிமருந்து இருக்கிறது. மருந்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் போனே ஆகாது என்றால், ஒரு லட்சம் போனுக்கு அலை அனுப்புகிற கோபுரம் ஆகுமா? ஊரைச் சுற்றி ஒன்பது ஆலை. ஊரே மருந்து. கேட்டவர்களுக்குக் குலை நடுங்கியது. இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து, அதில் நாற்பது கைநாட்டு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் சூலக்கரைக்கு வேன் பிடித்துப் போய்க் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தார்கள். கம்பெனிக்காரர்கள் வம்பு எதற்கென்று குழியை மூடிவிட்டு, அணைக்கு அந்தப் பக்கத்து ஊரில் கோபுரத்தை நட்டார்கள். இரவானால் அதன் உச்சியில் எரிகிற சிவப்பு விளக்கு பொன்மணியின் மொட்டை மாடியிலிருந்து நன்றாகத் தெரியும். வெளிச்சம் வரும். சிக்னல் வராது.

ஆறே மாதத்தில் ராக்கப்பன் இன்னொரு மனு எழுதினார். பொருள்: எங்கள் ஊரில் செல்பேசிச் சிக்னல் இல்லாமை குறித்து.

அசன் முகம்மதுவிடம் கையெழுத்துக்குப் போனபோது அவர் மனுவை முழுக்க வாசித்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் அண்ணாச்சி, டவர் வேணாம்னதுலயும் மொதக் கையெழுத்து ஒங்களது. சிக்னல் வேணும்ங்கதுலயும் மொதக் கையெழுத்து ஒங்களது. நான் எந்த அண்ணாச்சி சொல்லுதத எடுத்துக்கிட?"

"அது பாதுகாப்புக் கொள்கை, பாய். இது சேவைக் கொள்கை. ரெண்டும் வேற வேற டிபார்ட்மெண்டு."

"டிபார்ட்மெண்டு ரெண்டா இருக்கலாம். மனை ஒண்ணுதான இருந்துச்சு."

ராக்கப்பன் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். இந்த இனம் தோற்பதில்லை. அடுத்த வீட்டுக்குப் போகும்.

இரண்டு மனுவிலும் இரண்டாவது கையெழுத்து பொன்மணியுடையது. ஏன் போட்டாள் என்கிறீர்களா? இரண்டு தடவையும் அடுப்பில் குழம்பு இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவாக்கில் மஞ்சள் பை இரண்டு முறை சிணுங்கியது. செல்வலட்சுமி இரண்டிரண்டு படியாக ஏறிப் போய்ப் பையை அவிழ்த்தாள். அரசுக் கல்லூரியில் அவளுக்கு நர்சிங் இடம் ஒதுக்கியிருந்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் போய், இடத்தை ஏற்றுக்கொள்வதாக உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். உறுதி செய்ய ஆறு இலக்க ரகசிய எண் ஒன்று போனுக்கு வரும். எந்தப் போனுக்கு? விண்ணப்பத்தில் குடும்பத் தலைவர் எண்தான் கொடுக்க வேண்டும், அதுதான் முறை என்று ராக்கப்பன் நின்று கொடுக்க வைத்த எண்ணுக்கு.

பொன்மணி செய்தியை மகள் வாசிக்க வாசிக்க இரண்டு தடவை கேட்டாள். பதினாறு வயதில் தீப்பெட்டி ஒட்டப் போனவள் அவள், அப்புறம் பட்டாசு. மகளுக்குப் பதினெட்டு. இதுவரை எந்தக் கம்பெனிப் பஸ்ஸிலும் அவளை ஏற்றவில்லை. இந்த இடம் போனால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. தெருமுனையில் காலை ஏழு மணிக்கு வந்து நிற்கிற அந்தப் பஸ்ஸில் எப்போதும் ஒரு சீட் காலியாக இருக்கும்.

"நாளைக்குப் போன அவகிட்ட குடுத்துட்டுப் போங்க" என்றாள் ராக்கப்பனிடம்.

"கேட்டுல நான் போன் இல்லாம எப்படி இருக்க? முதலாளி கூப்பிடுவாக. லோடு விவரம் வரும். இவ டவுனுல யாஸ்மின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போவட்டும். நம்பர் எனக்கு வரும். அவ போன் போட்டுக் கேக்கட்டும். நான் சொல்லுதேன். இதுல என்ன இருக்கு?"

"மறக்காம சொல்லுவீகளா?"

"நாட்டுல ஒரு நாளைக்கு எத்தன கோடி ஓடிபி போவுது தெரியுமா ஒனக்கு?"

அது அவள் கேட்டதற்குப் பதில் இல்லை. பேச்சு முப்பது நிமிடம் நீண்டது என்பது மட்டும் அவளுக்கு ஞாபகம்.

ராக்கப்பன் எந்தக் கேட்டில் இருக்கிறார் என்று சொல்லவில்லையே. பொன்மணி வேலை பார்க்கிற அதே பட்டாசுக் கம்பெனியின் வாசல் கேட்டில் அவர் வாட்ச்மேன். டவுன் ரோட்டோரம் என்பதால் அங்கே சிக்னலுக்குப் பஞ்சமில்லை. காலையில் உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் போனை வாங்கி, எண் போட்ட டோக்கன் கொடுத்து, நூற்று நாற்பது அறை உள்ள மர அலமாரியில் வைப்பது அவர் வேலை. யோசித்துப் பாருங்கள். பகல் முழுக்க ஒரு மனிதரைச் சுற்றி நூற்று நாற்பது போன். ஒன்று அடிக்கும், ஒன்று அதிரும், ஒன்று சினிமாப் பாட்டுப் பாடும். எதையும் எடுக்கக் கூடாது. விதி. இப்படி ஒரு நாற்காலியில் ஒன்பது வருடம் உட்கார்ந்த யாராக இருந்தாலும், தகவல் தொடர்புத் துறையே தன் பொறுப்பில் இருப்பதாக நினைக்கத்தானே செய்வார்?

கேட்டைத் தாண்டி, மருந்துக் கூடங்களுக்குப் போகிற வழியில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கிறது. உள்ளே போகிற ஒவ்வொருவரும் அதில் கை வைத்து, உடம்பில் ஏதாவது மின்சாரம் ஒட்டியிருந்தால் மண்ணுக்குள் இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். பொன்மணி தினமும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் கை வைப்பாள். காலைப் பலகாரத்தோடு காதில் ஏறியதும் அதோடு இறங்கிவிட்டால் நல்லது என்று அவளுக்கு ஓர் எண்ணம். வீட்டு வாசலிலும் இப்படி ஒரு தகடு பதிக்க முடியுமா என்று சூப்பர்வைசரிடம் ஒருநாள் கேட்டே விட்டாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை பதினொன்றே முக்கால். கேட் அறையில் லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் பாண்டிச்செல்வம், சரக்கு வரும்வரை போக்கிடம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். பாவம், அலைக்கற்றை அண்ணாச்சிகளுக்கு இப்படிப்பட்டவர்கள்தான் கிடைப்பார்கள், ஓட முடியாதவர்கள். அன்றைய தலைப்பு இணைய மோசடி. சொந்தக்காரர் குரலிலேயே பேசி ரகசிய எண்ணைக் கறந்துவிடுகிறார்கள், அதற்கெல்லாம் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, யாருக்கும் எந்தக் காரணத்துக்காகவும் எண்ணைச் சொல்லாதீர்கள் என்று அரசாங்கமே திரும்பத் திரும்பச் சொல்லுகிறது என்கிற இடத்துக்கு அவர் வந்தபோது, மேசைமேல் இருந்த போனில் ஆறு இலக்க எண் ஒன்று வந்து விழுந்தது. அடுத்த நிமிடம் போன் அடித்தது. தெரியாத எண்.

"அப்பா, செல்விப்பா. நம்பர் வந்திருக்கும் பாருங்க. சொல்லுங்க."

ராக்கப்பன் பாண்டிச்செல்வத்தைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். ஒலிபெருக்கியை அமுக்கினார்.

"எந்தச் செல்வி?"

"ஒங்க மக செல்விப்பா. யாஸ்மின் அக்கா போன்லருந்து பேசுதேன். பத்து நிமிசந்தான் டைம்."

அவசரப்படுத்துகிறாள். மோசடியின் முதல் அடையாளம் சரியாக இருந்தது.

"எம் மக அஞ்சு மணின்னுல்ல சொன்னா. இப்ப மணி பன்னெண்டுகூட ஆவல."

"அஞ்சு மணி வரைக்கும்னு சொன்னேன். அஞ்சு மணிக்குன்னா சொன்னேன்?"

"சரி. ஒங்கம்மா பேரு என்ன?"

"பொன்மணி. அப்பா, விளையாடாதீக."

"அது ரேஷன் கார்டுல இருக்கு, எவனும் சொல்லுவான். எங்க வீட்டுல போனு எங்கன தொங்கும்?"

"மாடிக் கொடியில, கெழக்கால."

"அது ஊருக்கே தெரியும்." ராக்கப்பன் நாற்காலியில் நிமிர்ந்தார். எந்தக் கோப்பிலும் இல்லாத, எந்தக் கம்ப்யூட்டரும் திருட முடியாத, குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்த ஒரு கேள்வி வேண்டும். கிடைத்துவிட்டது. "நேத்து ராத்திரி சாப்பிடும்போது நான் என்ன சொன்னேன்?"



செல்வலட்சுமியை நாம் குறை சொல்லக் கூடாது. பிள்ளை உண்மையிலேயே யோசித்தது. நேற்று கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. அப்பாவுக்கு இரண்டாவது தரம் சோறு வைத்தது ஞாபகம் இருந்தது. அப்பா பேசினார், அதுவும் ஞாபகம் இருந்தது. அப்பா பேசாத சாப்பாடு என்று ஒன்று அந்த வீட்டில் நடந்ததில்லை. என்ன பேசினார்?

"சாட்டிலைட்டா?"

"அது வெள்ளிக்கெழம."

ராக்கப்பன் போனை வைத்தார். "பாத்தியளா தம்பி? குரலு அப்படியே எம் மக குரலு. ஆனா ஆறு கிகாஹெர்ட்ஸ வைஃபைக்கு விடுததா, ஏலம் விடுததாங்கதப் பத்தி நேத்து அரை மணி நேரம் பேசியிருக்கேன். எம் மகளா இருந்தா தெரிஞ்சிருக்கும்."

பாண்டிச்செல்வம் லேசாகத் தொண்டையைச் செருமினார். "அண்ணாச்சி, கம்ப்யூட்டரா இருந்தாத்தான தெரிஞ்சிருக்கும்?"

அந்தக் கேள்வி பதிவு செய்யப்படவில்லை.

கால் மணி நேரம் கழித்து மறுபடி ஆறு எண், மறுபடி போன். இந்தத் தடவை வேறு குரல்.

"மாமா, நான் யாஸ்மின். அசன் முகம்மது மக. இது ரெண்டாவது தடவ. மூணாவது தடவயும் தவறிப் போச்சுன்னா சைட்டு பூட்டிக்கிடும் மாமா. நாளைக்குத்தான் தெறக்கும். நாளைக்குத் தெறந்து என்ன செய்ய? புள்ள இங்கன அழுதுக்கிட்டு இருக்கு."

"கும்பலா வேல செய்யுதாக" என்றார் ராக்கப்பன், பாண்டிச்செல்வத்திடம், போனைக் கையால் மூடாமலே. பிறகு அழைப்பைத் துண்டித்தார். துண்டித்ததோடு விட்டாரா? பொறுப்புள்ள குடிமகன் விடுவாரா? மோசடி அழைப்புகளைப் பற்றி அரசாங்கத்திடம் புகார் செய்கிற பக்கத்தைத் திறந்து, யாஸ்மினின் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்த்துப் பதிந்தார். புகாரை உறுதி செய்ய அவருக்கு ஒரு ரகசிய எண் வந்தது. அதை மட்டும் ஒரே தடவையில், பிழையில்லாமல், முப்பது விநாடிக்குள் போட்டு முடித்தார்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. பெண்கள் தூக்குச் சட்டிகளோடு வெளியே வந்தார்கள். பொன்மணி சட்டியைத் திறக்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல் நேரே கேட் அறைக்கு வந்தாள். முழங்கைவரை வெள்ளி.

"செல்வி கூப்பிட்டாளா?"

"செல்வி கூப்பிடல. செல்வி மாதிரி ஒருத்தி கூப்பிட்டா."

பொன்மணி அவரைப் பார்த்தாள். அப்புறம் பாண்டிச்செல்வத்தைப் பார்த்தாள். பாண்டிச்செல்வம் தன் செருப்பைப் பார்த்தார்.

"எத்தன தடவ?" என்று பாண்டிச்செல்வத்திடமே கேட்டாள்.

"ரெண்டு தடவக்கா. இன்னும் ஒரு தடவதான் இருக்காம்."

இருபத்திரண்டு வருடத்தில் பொன்மணி கணவரின் பேச்சின் நடுவே எழுந்து போயிருக்கிறாள், தூங்கியிருக்கிறாள், பருப்புக் கடைந்திருக்கிறாள். அவர் கையிலிருந்து எதையும் பிடுங்கியதில்லை. இப்போதும் பிடுங்கவில்லை. செய்தித்தாள்மேல் கிடந்த போனை எடுத்தாள், அவ்வளவுதான்.

"ஏளா, சாப்பாட்டு டைம்ல லேபர் கையில போன் குடுக்கக் கூடாது. ரூல் இருக்கு."

"நீங்க குடுக்கல. நானா எடுத்துக்கிட்டேன். தம்பி, கடைசியா வந்த நம்பர அமுக்குங்க."

பாண்டிச்செல்வம் அமுக்கி, ஒலிபெருக்கியையும் போட்டார். மறுமுனையில் எடுத்ததும் பொன்மணி, "நாந்தான். மூணாவது தடவ அமுக்கு" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. மகளும் எதுவும் கேட்கவில்லை.

எண் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? முப்பது விநாடி இருக்கலாம். தூக்குச் சட்டிப் பெண்கள் நாலைந்து பேர் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். அலமாரியில் யாருடைய போனோ அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. பொன்மணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வந்துருச்சு."

"பொன்மணி, நான் சொல்லுததக் கேளு. யாருக்கும் எந்தக் காரணத்துக்காவும்னு அரசாங்கமே சொல்லியிருக்கு."

"நாலு" என்றாள் பொன்மணி. "ஏழு. ஏழு. சைபர்."

ஒரு கொள்கை தன் கண்ணெதிரே மீறப்படுவதற்குச் சாட்சியாக இருக்க விரும்பாமல், ராக்கப்பன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரெண்டு. ஒம்பது."

விசைப்பலகை தட்டுகிற சத்தம். யாஸ்மின் ஏதோ சொல்லுகிற சத்தம். அப்புறம் செல்வலட்சுமியின் குரல், மூக்கடைத்துப் போய்: "ஏத்துக்கிடுச்சும்மா."

பொன்மணி போனைச் செய்தித்தாள்மேல் இருந்த இடத்திலேயே வைத்தாள். திரை முழுக்க வெள்ளி ரேகை. சாப்பிடப் போனாள், பாதிதான் இறங்கியது. மணி அடித்ததும் செம்புத் தகட்டில் கை வைத்து நின்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் அன்று அவசரப்படுத்தவில்லை.

கதை இங்கே முடிந்ததென்று நினைத்தீர்களானால் இந்த இனத்தை நீங்கள் இன்னும் படிக்கவில்லை. மாலை டீக்கடையில் ராக்கப்பன் நடந்ததை விவரித்தபோது, இரண்டு தடவை தீவிரமாகச் சோதித்து, மூன்றாவது தடவை அனுமதி வழங்கியவர் அவர்தான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். முனியராஜ் என்று ஒருவன் மட்டும், "அப்ப அனுமதி குடுத்தது நீங்க, நம்பரக் குடுத்தது யாரு அண்ணாச்சி?" என்றான். அடுத்த பேச்சு வேறு தலைப்பில் தொடங்கியது.

வீட்டுக்கு வந்ததும் கோப்பைத் திறந்து வெள்ளைத்தாளை எடுத்தார். அசன் முகம்மது மகள் தொழில் நடத்துகிற எண்ணின்மேல் கொடுத்த மோசடிப் புகாரைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அதற்கு ஒரு மனு. மூன்று நகல். பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு முதல் கையெழுத்தைப் போட்டார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். செல்வலட்சுமி சீக்கிரம் முடித்து எழுந்து, சான்றிதழ்களை அடுக்குகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். நீங்கள் நம்ப மாட்டீர்கள், ராக்கப்பன் அன்று அதிகம் பேசவில்லை. புளிக்குழம்பைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவருக்கு உண்மையிலேயே ஏதோ தைத்திருந்தது. குரல் மகளுடையதுதான், இப்போது தெரிந்துவிட்டது. அப்படியானால் பதில் ஏன் வரவில்லை?

வாசகரே, இவ்வளவு நேரம் நீங்கள் உங்கள் மாமனாரையோ, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரையோ, அடுத்த வீட்டுக்காரரையோ நினைத்துச் சிரித்திருப்பீர்கள். உங்களுக்கு அலைக்கற்றை தெரியாது, ஆகவே நீங்கள் இந்த இனமில்லை என்கிற நிம்மதியும் இருக்கும். அலைக்கற்றைதான் வேண்டும் என்பதில்லை. கிரிக்கெட் போதும். சர்க்கரை நோய்க்கான பத்தியம் போதும். மகன் வேலை பார்க்கிற ஊரின் வாடகை நிலவரம் போதும். சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, ராக்கப்பனே கண்டுபிடித்தது, செலவில்லாதது. இன்று உங்கள் வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, நேற்று ராத்திரி சாப்பிடும்போது நான் என்ன சொன்னேன் என்று கேளுங்கள். உடனே பதில் வந்தால் பிழைத்தீர்கள். கேட்கப் பயமாக இருந்தால், அதுவே பதில்.

ராக்கப்பனுக்குப் பயம் இல்லை. மனுவையும் பேனாவையும் பொன்மணி பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டாவது கையெழுத்து ஒன்னோடது."

அன்று அடுப்பில் எதுவும் இல்லை. பொன்மணி தாளைப் பார்த்தாள்.

"பொன்மணி" என்றார் ராக்கப்பன், கொஞ்சம் தணிந்த குரலில். "நீ சொல்லு. நேத்து நான் என்ன சொன்னேன்?"

அவள் மனுவை நனையாதபடி ஒரு பக்கமாக ஒதுக்கினாள். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். பேனாவைத் தொடவில்லை. மஞ்சள் பையையும் இரண்டு கிளிப்பையும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் பக்கத்தில் கிடந்த போனையும் எடுத்துக்கொண்டு, மாடிப் படியை நோக்கிப் போனாள்.